தண்ணிக் கண்ணாடியில வெச்ச பொட்டு

கனவுல வர்ற எஞ்சினுக்குச் சத்தம் கிடையாது. நேர்ல அது சும்மா நின்னு உறுமினாலே எங்க லேப் அலமாரியில இருக்கற குப்பிங்க எல்லாம் கிலுகிலுன்னு ஆடும். கனவுல மட்டும் பேசாம வருது. முந்திரித் தோப்பு ஓரமா, பனியைத் தள்ளிக்கினு, கடைக்குப் போயிட்டு வூடு திரும்பற பொம்பளை மாதிரி நிதானமா வருது. நெத்தியில சந்தனம், நடுவுல குங்குமம். அந்தப் பொட்டு நான் வெச்சது.

கனவு சொல்லி ஆளை மயக்கறவங்களைக் கண்டா எனக்குப் பத்திக்கினு வரும். ஆனா இதை வேற எப்படித் தொடங்கறதுன்னு எனக்குத் தெரியல. நெய்வேலியில மழை விட்ட காலை நேரம் பாதித் தூக்கத்துல இருக்கற மாதிரிதான் இருக்கும். அகலமான ரோடு, ரெண்டு பக்கமும் பெரிய மரம், மரத்துக்குள்ள மஞ்சளா ஒரு தெருவிளக்கு அணையாம எரிஞ்சுக்கினு இருக்கும். சைக்கிள்ல ஷிஃப்டுக்குப் போறவரு முகம் தெரியாது, ஆனா "குட்மார்னிங்"னு ஒரு குரல் மட்டும் நம்மளைத் தாண்டிப் போவும். கரிப்புகை வாசனையும் ஈர மண்ணு வாசனையும் ஒண்ணாக் கலந்து வரும். எனக்கு அந்த வாசனை பிடிக்கும். பிடிக்காதுன்னு சொல்றவங்க வேற ஊருக்குப் போவட்டும்.

நான் எண்ணெய் பார்க்கறவ. சமையல் எண்ணெய் இல்ல, எஞ்சின் எண்ணெய். சுரங்கத்துலேர்ந்து கரியும் சாம்பலும் ஏத்திக்கினு போற சின்ன ரயில்பாதை ஒண்ணு இருந்துச்சு. அதை நடத்தினது ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி. பேரு வேண்டாம், அது இப்ப இல்லவும் இல்ல. அவங்களுக்கு ஒரு ஷெட்டு, ரெண்டு பழைய டீசல் எஞ்சின், ஒரு மூலையில தகரம் போட்ட லேப். லேப்ல நான் ஒருத்தி. மொத்த ஷெட்டுக்கும் பொம்பளைன்னு நான் ஒருத்தி.

என் வேலை ரொம்பச் சுளுவு. எஞ்சின் வயித்துலேர்ந்து குப்பியில கொஞ்சம் எண்ணெய் பிடிச்சுக்கினு வருவேன். ஹாட் பிளேட்டுன்னு ஒரு சூடான இரும்புத் தட்டு இருக்கும். அதுல ஒரு சொட்டு விடுவேன். சொட்டு அமைதியாப் படுத்துக்கினு லேசாப் புகைஞ்சா எண்ணெய் நல்லாருக்குன்னு அர்த்தம். கடுகு தாளிக்கற மாதிரி படபடன்னு வெடிச்சா உள்ள தண்ணி கலந்திருக்கு. எஞ்சினைக் குளிர வைக்கற தண்ணி எங்கயோ விரிசல் வழியா எண்ணெயில இறங்குதுன்னு தெரிஞ்சுக்கணும். தண்ணி கலந்த எண்ணெயில ஓடற எஞ்சின் எந்த நிமிஷமும் உடையும். ஓடிக்கினு இருக்கும்போதே உள்ள இருக்கற இரும்பு இரும்பைப் பிடிச்சுக்கும், கை நீளத் தண்டு முறிஞ்சு எஞ்சினோட பக்கச் சுவரைப் பொத்துக்கினு வெளிய வரும். அந்த நாசம் எல்லாம் ஒரு சொட்டுல முன்னாடியே தெரிஞ்சுடும். அதனால எனக்கு அந்தத் தட்டு மேல ஒரு பக்தியே இருந்துச்சு.

இப்ப டிரைவரைப் பத்திச் சொல்லணும். அந்த எஞ்சின் காலை ஷிஃப்டு மட்டும் ஓடும், அதை ஓட்டறது அவரு ஒருத்தருதான். நெல்லிக்குப்பத்துக்காரரு. நான் அண்ணான்னு கூப்பிடுவேன், அவரு என்னை லேபுன்னு கூப்பிடுவாரு. "இன்னா லேபு, என் புள்ளைக்கு ரத்தம் எடுத்தியா?" இதான் தினமும் கேள்வி. எஞ்சினைப் புள்ளைம்பாரு, சில நாள் மூத்தவம்பாரு. வீட்டுல இருக்கற அண்ணி இளையவ. அண்ணி காதுபடவே சொல்லுவாரு, அவங்களும் "அந்தத் தடிச்சியையே கட்டிக்கினு அழுவுங்க"ன்னு சொல்லிட்டு டிபன் பாக்ஸைக் கையில குடுப்பாங்க.

அந்த வருஷம் மாசி மாசத்தோட அவருக்கு ரிடயர்மென்ட். எங்க ஷெட்டுல ஒரு வழக்கம் உண்டு. டிரைவரு வேலையை விட்டுப் போற கடைசி நாள்ல எஞ்சினுக்கு மாலை போட்டு, அவரு சம்சாரத்தையும் மேல ஏத்தி, பக்கத்துல நிக்க வெச்சு ஒரு டிரிப் அடிப்பாரு. பாதை ஓரத்துல இருக்கறவங்க எல்லாம் கையைக் காட்டுவாங்க. அண்ணி அதுவரைக்கும் எஞ்சின்ல ஏறினதே கிடையாது. "எறக்கிவிடற அன்னிக்குத்தான் ஏத்துவாராம், எங்க வூட்டுக்காரரு கணக்கே தனி"ன்னு என்கிட்ட கேலியாச் சொல்லுவாங்க. ஆனா அதுக்காக ஒரு கிளிப்பச்சைப் பட்டுப்புடவை ஆடி மாசமே எடுத்து வெச்சுட்டாங்க. திருவதிகையிலேர்ந்து தங்கச்சி குடும்பத்தை எல்லாம் பாதை ஓரமா வந்து நிக்கச் சொல்லியிருந்தாங்க. எனக்கு அந்தப் புடவையைப் பிரிச்சுக் காட்டிட்டு மறுபடி மடிச்சு வெச்சாங்க. மடிப்புல விரலை வெச்சுத் தடவினது இன்னும் ஞாபகம் இருக்கு.

அண்ணாவுக்கு வேற ஆசைன்னு எதுவும் கிடையாது. டீ குடிக்கும்போது அந்த டிரிப்பைப் பத்திப் பேசுவாரு. எந்த வளைவுல ஹாரன் அடிக்கறது, எங்க மெதுவாப் போறது, அண்ணி எந்த ஜன்னல் பக்கம் நின்னா முந்திரிக்காடு நல்லாத் தெரியும், எல்லாம் யோசிச்சு வெச்சிருந்தாரு. கேட்டுக்கினே இருப்போம். கேக்கறவங்களுக்கும் கொஞ்ச நேரம் அந்த எஞ்சின்ல போற மாதிரி இருக்கும்.

ஆயுத பூஜை வந்துச்சு.

ஒவ்வொரு வருஷமும் எஞ்சினுக்குப் பொட்டு வைக்கறது, ஷெட்டுல துடைக்கற தூக்கற வேலை பார்த்த வயசான கலாசி ஒருத்தரு. எங்க வைக்கணும் எங்க வைக்கக்கூடாதுன்னு அவருக்குத் தெரியும். அந்த வருஷம் அவரு வேலையை விட்டு ஊருக்குப் போயிட்டாரு. போர்மேன் கோயம்புத்தூர் பக்கத்துக்காரரு, மரியாதையான மனுஷன். "ஏனுங்க மேடம், லேடீஸ் கையால வெச்சா நல்லா இருக்குமுங்க"ன்னு சந்தனக் கிண்ணத்தை என்கிட்ட நீட்டினாரு. நாங்க கடலூர்ல கத்தோலிக்கக் குடும்பம். இருந்தாலும் ஷெட்டுல பூஜைன்னா எனக்கும் பூஜைதான், பொரி கடலை எனக்கும் உண்டு, அதுல வித்தியாசம் பார்த்தது கிடையாது. வாங்கிக்கினேன்.

எஞ்சினைக் காலையிலேயே கழுவி விட்டிருந்தாங்க. வெயில் பட்டு ஆவி பறந்துக்கினு இருந்துச்சு. வாழைக்கன்னு கட்டி, சாமந்தி மாலை போட்டு, அது நின்ன அழகைப் பார்த்து எனக்கு மனசு நெறைஞ்சு போச்சு. நெத்தியில வெச்சேன். விளக்குக்கு வெச்சேன். உள்ள ஏறி, கைப்பிடிக்கு, மீட்டருங்களுக்கு ஓரமா, சீட்டுக்கு. அப்புறம் பின்னால நடைபாதை வழியாப் போயி, தண்ணித் தொட்டிப் பக்கத்துல இருக்கற கண்ணாடிக் குழாய்க்கு வந்தேன்.

விரல் தடிமன்ல, முழம் நீளத்துக்கு நேரா நிக்கற கண்ணாடி அது. எஞ்சின்ல எவ்வளவு தண்ணி இருக்குன்னு அதுல தெரியும். டிரைவரு தினமும் ஷிஃப்டு முடிக்கும்போது அதைப் பார்த்து லாக் புக்குல எழுதணும். இது எனக்குத் தெரியும். தெரியாதுன்னு சொன்னா பொய். ஆனா அது அவ்வளவு லட்சணமா நின்னுச்சு. மேலேர்ந்து கீழ வரைக்கும் சந்தனத்தைக் கெட்டியா இழுத்து, மூணு இடத்துல குங்குமம் வெச்சேன். தள்ளி நின்னு பார்த்தேன். எனக்கே பெருமையா இருந்துச்சு.

நாளைக்குத் துடைச்சுடுவாங்கன்னு நினைச்சேன். எங்க வீட்டுல மாதா படத்துக்குப் போட்ட மாலை வாடினா மறுநாள் எடுத்துடுவோம், அதுல ஒண்ணும் இல்ல. பூஜைப் பொட்டை யாரும் கையால அழிக்க மாட்டாங்க, அது தானா காஞ்சு உதிரணும்னு ஒரு வழக்கம் இருக்கறது எனக்குச் சத்தியமாத் தெரியாது. அத்தனை வருஷம் அவங்களோட பொரி தின்னவளுக்கு இது தெரியல பாருங்க. எனக்கு என்னைய நினைச்சாலே கோவம் வருது.

மறுநாள் விஜயதசமி. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கி வண்டியை எடுத்தாங்க. அண்ணா தண்ணி பார்க்கப் போயிருக்காரு. கண்ணாடி பூரா சந்தனம். கூட இருந்த உதவி டிரைவர் "துடைச்சுடட்டுமா?"ன்னு கேட்டதுக்கு, "பொட்டை அழிக்கறதா, வாயைக் கழுவுடா"ன்னு திட்டியிருக்காரு. மூத்தவ பொட்டாச்சே. லாக் புக்கைத் திறந்து, வழக்கமா இருக்கற அளவை எழுதிட்டாரு. முக்கால். சனிக்கிழமை முக்கால். ஞாயித்துக்கிழமை முக்கால்.

எண்ணெய் அளவு பார்க்கற குச்சியில மட்டும் எண்ணெய் வழக்கத்தை விட ஏறியிருந்துச்சாம். பூஜைக்குன்னு யாரோ ஊத்தி நெறைச்சிருப்பாங்கன்னு சந்தோஷப்பட்டிருக்காங்க. ஊத்தினது யாரும் இல்ல. உள்ள விரிசல் விட்டு, தண்ணிதான் இறங்கி எண்ணெயை மேல தூக்கிக்கினு இருந்துச்சு. தண்ணி ரொம்பக் குறைஞ்சா எஞ்சின் தானா நிக்கற ஏற்பாடு உண்டு. அந்த அளவுக்கு இறங்கறதுக்குள்ள எண்ணெய் கெட்டுப்போச்சு.

நான் சனிக்கிழமை சாம்பிள் எடுத்திருக்கணும். என் ஹாட் பிளேட்டும் பூஜையில இருந்துச்சு, பொட்டோட, பூவோட. சனிக்கிழமையும் அதைத் தொட வேண்டாம், திங்கக்கிழமை நல்ல நேரத்துல தொடங்கலாம்னு போர்மேன் சொன்னாரு. ஒரு நாள் லீவு கிடைச்சா வேண்டாம்னா சொல்லுவேன். வூட்டுக்குப் போயி மீன் குழம்பு வெச்சேன்.

திங்கக்கிழமை காலை ஏழு மணி. ராத்திரி பெய்ஞ்ச மழைக்கு ஷெட்டு பூராவும் ஆவி மாதிரி மூட்டமா இருந்துச்சு. எஞ்சின் உறுமிக்கினு நின்னுச்சு. நான் குப்பியில எண்ணெய் பிடிச்சேன். கறுப்பு எண்ணெய், பார்வைக்கு ஒண்ணும் தெரியாது. "ரத்தம் எடுத்தாச்சா, கிளம்பட்டுமா?"ன்னாரு அண்ணா. "போயிட்டு வாங்க, நீங்க வர்றதுக்குள்ள ரிசல்ட்டு இருக்கும்"னேன். ஜன்னல்லேர்ந்து கையை ஆட்டினாரு. வண்டி மூட்டத்துக்குள்ள போச்சு, முதல்ல எஞ்சின் மறைஞ்சுது, அப்புறம் ஒவ்வொரு பெட்டியா மறைஞ்சுது.

தட்டு சூடாவ பத்து நிமிஷம் ஆவும். நான் டீயைக் குடிச்சுக்கினு வெளிய பார்த்துக்கினு இருந்தேன். அந்தப் பத்து நிமிஷம்தான் எனக்கு அடிக்கடி கனவுல வர்றது. எதுவுமே நடக்காத பத்து நிமிஷம். தகரத்துலேர்ந்து தண்ணி சொட்டிச்சு. தூரத்துல கன்வேயர் பெல்ட் சத்தம். ஒரு மைனா தண்டவாளத்து மேல நடந்து போச்சு.

சொட்டை விட்டேன். படபடன்னு வெடிச்சுது.

என் கை மேல தெறிச்சுது. இன்னொரு சொட்டு விட்டேன். அதுவும் வெடிச்சுது. எதுக்கு இன்னொரு சொட்டு விட்டேன்னு இன்னிக்கும் என்னையே திட்டிக்கறேன், முதல் சொட்டுலயே ஓடியிருக்கணும். ஓட்டும்போது செல்போன் எடுக்கக் கூடாது, அதனால வாக்கி டாக்கி வெச்சிருக்கற போர்மேன்கிட்ட ஓடினேன். செருப்பு சேத்துல மாட்டிக்கிச்சு, விட்டுட்டு ஓடினேன். "எண்ணெயில தண்ணி, நிறுத்தச் சொல்லுங்க"ன்னேன். அவரு உடனே கூப்பிட்டாரு. வாக்கி டாக்கியில அண்ணா குரல் தெளிவாக் கேட்டுச்சு. "சரிங்க, குறைக்கறேன்."

அப்புறம் ஒரே ஒரு சத்தம். தூரத்துல யாரோ பெரிய இரும்புக் கதவை அறைஞ்சு சாத்தின மாதிரி. அவ்வளவுதான். முந்திரிக்காட்டுலேர்ந்து குருவிங்க மொத்தமா எழும்பிச்சு. அதுக்கு மேல வெள்ளையா ஒரு புகை, அவசரமே இல்லாம எழும்பி, மூட்டத்தோட சேர்ந்துக்கிச்சு. வாக்கி டாக்கியில கரகரன்னு சத்தம் வந்துக்கினே இருந்துச்சு, யாரும் பேசல. நான் மாதாவைக் கூப்பிட்டேன், அங்காளம்மனையும் கூப்பிட்டேன். யாரு முதல்ல வந்தாலும் சரின்னு இருந்துச்சு.

"ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்"னு அண்ணா குரல் வந்த பிறகுதான் உக்காந்தேன்.

ஜீப்புல போனோம். எஞ்சின் வளைவுல நின்னுக்கினு இருந்துச்சு. வயித்துப் பக்கத்துல தலை நுழையற அளவுக்கு ஓட்டை. முறிஞ்ச தண்டு வெளிய நீட்டிக்கினு இருந்துச்சு. இரும்பு மூடி ஒண்ணு பிச்சுக்கினு போயி முந்திரி மரத்துல சொருகியிருந்துச்சு. தண்டவாளத்துக்குக் கீழ எண்ணெய் ஊத்திக்கிச்சு, இப்பத்தான் அது மோர் கலந்த நிறத்துல இருக்கறது கண்ணுக்கே தெரிஞ்சுது. உதவி டிரைவர் தண்டவாளத்து மேல உக்காந்து கையைப் பார்த்துக்கினு இருந்தாரு. அண்ணா எஞ்சின் பக்கத்துல நின்னாரு. அதோட உடம்பு மேல உள்ளங்கையை வெச்சிருந்தாரு.

நான் மறுபடி சாம்பிள் எடுக்கணும். மேல ஏறி நடைபாதையில போனேன். கண்ணாடிக் குழாய்க்கிட்ட வந்ததும் கால் நின்னு போச்சு.

கண்ணாடி பளிச்சுன்னு இருந்துச்சு. சந்தனம் இல்ல, குங்குமம் இல்ல. தண்ணி எங்கயோ அடியில கிடந்துச்சு.

கீழ எட்டிப் பார்த்தேன். அண்ணா இடுப்புல செருகியிருந்த துண்டுல மஞ்சளும் செவப்புமா கறை. மூணு நாளா எஞ்சினுக்காகக் கூட அழிக்காத பொட்டை, எஞ்சின் செத்த பிறகு அழிச்சிருக்காரு. ஏன்னு அப்ப எனக்குப் புரியல. அவரு என்னை நிமிர்ந்து பார்த்தாரு, தலையை ஆட்டினாரு, துண்டை மடிச்சுச் சட்டைக்குள்ள போட்டுக்கினாரு.

மூணு பேரு கமிட்டி வந்துச்சு. லாக் புக்குல மூணு நாளும் முக்கால்னு இருக்கு. கண்ணாடி சுத்தமா இருக்கு. அப்ப பார்க்காமலே எழுதினீங்களான்னு அண்ணாவைக் கேட்டாங்க. ஆமான்னாரு. ஏன்னு கேட்டாங்க. அசதின்னாரு. அசதியாம். அந்த மனுஷன் வூட்டுப் பூட்டை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துட்டுத் தெருவுல இறங்கறவரு.

எனக்கு மறுநாள் விசாரணை. அண்ணாவை விசாரிச்ச அன்னிக்குச் சாயங்காலம், நடந்ததை எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிப் பையில வெச்சுக்கினு ஷெட்டுலேர்ந்து வூட்டுக்குக் கிளம்பினேன். அண்ணா மெயின் பஜார்கிட்ட சைக்கிளைப் பிடிச்சுக்கினு நின்னாரு, எனக்காகத்தான்.

"என்ன எழுதிக்கினு வந்திருக்க?"

"நடந்ததை."

"கிழிச்சுப் போடு."

"நான் வெச்ச பொட்டால தானண்ணா..."

"பொட்டு வெச்சது தப்பில்ல. பார்க்காம எழுதினது தப்பு. அது என் கை." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கினாரு. "பொட்டுன்னு ஒரு வார்த்தை வந்தா யாரு வெச்சான்னு கேப்பாங்க. நீ கான்ட்ராக்ட்டு. அன்னிக்கே உன்னை கேட்டுக்கு வெளிய நிறுத்திடுவாங்க. உங்க வூட்டுக்காரருக்கும் வேலை இல்ல. நான் பர்மனென்ட்டு. மிஞ்சிப்போனா எஞ்சினை விட்டு எறக்குவாங்க, வேற இன்னா பண்ணிடுவாங்க?"

மிஞ்சிப்போனா எஞ்சினை விட்டு எறக்குவாங்களாம். அவருக்கு அதை விட்டா வேற என்ன இருந்துச்சு? நான் அவரு முகத்தைப் பார்க்கல, சைக்கிள் மணியைப் பார்த்துக்கினு நின்னேன்.

"உங்க அண்ணிகிட்டயும் மூச்சு விடாத. அவளுக்குத் தெரிஞ்சா நாளைக்கே கேட்டுல வந்து நிப்பா, ஊருக்கே தெரிஞ்சுடும்."

சரின்னேன். அவரு சொன்னாருன்னு கேட்டுக்கினேன்னு இத்தனை நாளா எனக்கு நானே சொல்லிக்கறேன். உண்மை அது இல்ல. அவரு சொன்னது எனக்கு வசதியா இருந்துச்சு. பயந்தேன். கமிட்டியில எண்ணெயைப் பத்திக் கேட்டாங்க, எண்ணெயைப் பத்திச் சொன்னேன். வெளிய வந்து லேப்ல உக்காந்து அழுதேன். ஷெட்டுல எல்லாருக்கும் பொட்டு விஷயம் தெரியும். போர்மேனுக்கும் தெரியும், அவரும்தானே கிண்ணத்தை நீட்டினவரு. ஒருத்தரும் வாயைத் திறக்கல. அண்ணாவை எஞ்சினை விட்டு எறக்கினாங்க. ஸ்டோர் சாவி பார்த்துக்கற நாற்காலியில உக்கார வெச்சாங்க.

நாலு மாசம் அப்படிப் போச்சு. உடைஞ்ச எஞ்சினைப் பிரிச்சு, வேற ஊர்லேர்ந்து சாமான் வரவழைச்சு, கொஞ்சம் கொஞ்சமாச் சேர்த்தாங்க. அண்ணா ஸ்டோர் வாசல்ல உக்காந்து அதைப் பார்த்துக்கினு இருப்பாரு. ஒரு நாள் கூட என்கிட்ட முகம் சுளிச்சது கிடையாது. "இன்னா லேபு"ன்னுவாரு. புள்ளைக்கு ரத்தம் எடுத்தியான்னு மட்டும் கேக்கறதை விட்டுட்டாரு. டிபன் பாக்ஸ் கொண்டு வர்றதையும் விட்டுட்டாரு. கேன்டீன்ல சாப்பிட்டாரு. ஏன்னு நான் கேக்கல.

கடைசி நாள் வந்துச்சு. எஞ்சின் அந்த வாரம்தான் தயாராகி ஷெட்டுக்கு வெளிய நின்னுச்சு, புதுப் பெயிண்ட் வாசனையோட. ஓட்ட அனுமதி இல்ல. நிக்கற வண்டியில ஏறி ஒரு போட்டோ எடுத்துக்கட்டும்னு போர்மேன் தன் பொறுப்புல சொன்னாரு. அண்ணி வந்தாங்க. கிளிப்பச்சைப் புடவை இல்ல. மார்க்கெட்டுக்குக் கட்டற காட்டன் புடவை. திருவதிகைக்காரங்க யாரையும் வர வேண்டாம்னு சொல்லிட்டாங்களாம்.

ஏணியில ஏறத் தெரியாம ரெண்டாவது படியில தடுமாறினாங்க, நான் பின்னாலேர்ந்து தாங்கி ஏத்திவிட்டேன். கீழ அண்ணாவுக்கு மாலை போட்டு, சால்வை போத்தி, ஆளாளுக்குக் கையைக் குலுக்கிக்கினு இருந்தாங்க. மேல நாங்க ரெண்டு பேருதான். மதியம் மூணு மணி வெயில் அந்தச் சின்ன ஜன்னல் வழியாச் சாஞ்சு உள்ள விழுந்துச்சு. தூரத்துல முந்திரிக்காடு பூவெடுத்து நின்னுச்சு. எந்த ஜன்னல்ல நின்னா நல்லாத் தெரியும்னு அவரு சொல்லுவாரோ, அண்ணி சரியா அதே ஜன்னல்ல போயி நின்னாங்க. யாரும் சொல்லல.

திரும்பாமலே கேட்டாங்க. "பார்க்காம எழுதிட்டாராமே. அப்படி இன்னா அசதி அந்த மனுஷனுக்கு? முப்பத்தஞ்சு வருஷமா எனக்குத் தெரிஞ்சு ஒரு தீப்பெட்டியைக் கூட எண்ணிப் பார்க்காம வாங்க மாட்டாரு. நான் ஏறப்போற வண்டியாச்சே, அது மேல கூடவா அக்கறை இல்லாமப் போச்சு?"

அதுக்கு மேல என்னால முடியல.

"பொட்டு, அண்ணி"ன்னேன். "கண்ணாடியில பொட்டு இருந்துச்சு. நான் வெச்சேன், தெரியாம. அவருக்கு அதை அழிக்க மனசு வரல. அப்புறம் என் வேலை போயிடும்னு அவரே அழிச்சுட்டு, பழியை வாங்கிக்கினாரு. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாரு."

அண்ணி திரும்பினாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன். அறைவாங்கன்னு கூட நினைச்சேன், வாங்கிக்கத் தயாரா நின்னேன். அவங்க முகத்துல நாலு மாசத்துக்கு அப்புறம் ஏதோ ஒண்ணு தளர்ந்து விழுந்த மாதிரி இருந்துச்சு. "அதான பார்த்தேன்"னாங்க. மறுபடியும், "அதான பார்த்தேன்"னாங்க.

அப்புறம் என் கையைப் பிடிச்சாங்க. ரொம்ப இறுக்கமா.

"ஏம்மா, இதை அன்னிக்கே எனக்கு வந்து சொல்லியிருக்கக் கூடாதா? நான் கம்பெனிக்காரன்கிட்டயா போயிச் சொல்லியிருப்பேன்? நாலு மாசமா அந்த ஆளுக்குச் சோத்தைத் தட்டுல போட்டு வெச்சுட்டு உள்ள போயிடறேன். ஒரு வேளை கூட எதிர்ல உக்காந்து சாப்பிடல. கையில டிபன் குடுக்கல. அவரும் ஒரு வார்த்தை சொல்லாமத் தின்னுட்டுப் போவாரு."

எனக்கு எஞ்சினைக் கொன்ன பாவம் ஒண்ணுதான்னு நினைச்சுக்கினு இருந்தேன். அந்த வூட்டுல நாலு மாசச் சோத்தை நான் ஆற வெச்சிருக்கேன்.

அண்ணி கண்ணைத் துடைச்சுக்கினு ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாங்க. "ஏங்க, மாலையைப் போட்டுக்கினு அங்கயே நின்னா எப்படி? மேல வாங்க. தண்ணிக் கண்ணாடி எங்க இருக்குன்னு எனக்குக் காட்டுங்க."

கீழ சத்தம் அடங்கிப் போச்சு. அண்ணா நிமிர்ந்து அவங்களைப் பார்த்தாரு, அவங்களுக்குப் பின்னால நின்ன என்னைப் பார்த்தாரு. தெரிஞ்சுபோச்சு அவருக்கு. ஏறி வந்தாரு, அண்ணியைக் கூட்டிக்கினு நடைபாதை வழியாப் பின்னால போனாரு. நான் கதவுக்கிட்டயே நின்னுக்கினேன்.

"இதோ, இதுதான்"னாரு.

"எவ்ளோ இருக்குது?"

"முக்கால்."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க"ன்னாங்க அண்ணி.

அவரு குனிஞ்சு, கண்ணாடிக்கிட்ட முகத்தை வெச்சு, மறுபடியும் பார்த்தாரு.